பஞ்சு என்று ஒரு வார்த்தை

எங்கள் ஊரில் இன்றைக்கு யாராவது பூங்கா பெஞ்சைப் பிளந்து போட்டால், பஸ் சீட்டைக் கிழித்தால், சுவரில் கண்டதையும் கிறுக்கினால் அவனுக்குப் பெயர் பஞ்சு. "ராத்திரி பஞ்சுப் பசங்க புகுந்துட்டானுங்க" என்பார்கள். செயலுக்கும் அதுவே வார்த்தை: "புது லிஃப்டைப் பஞ்சு பண்ணிட்டானுங்க." இந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு கதை கட்டுவார்கள். எதையும் பஞ்சு பஞ்சாகப் பறக்கவிடுவதால் பஞ்சு என்பார் ஒருவர். பஞ்சில் நெருப்புப் பட்டதுபோல் குப்பென்று கோபம் வருகிறவர்கள் என்பார் இன்னொருவர். நான் வேலை பார்க்கும் பத்திரிகையின் வார இணைப்பில் ஒரு அறிஞர் அரைப் பக்கம் எழுதினார். மிகப் பழைய சொல்லாம், மருவி மருவி இப்படி ஆனதாம். அதற்குப் பிழை திருத்தியவன் நான்தான். ஒற்றுப் பிழைகளைத் திருத்தினேன். மற்றதைத் திருத்தப் பிழைதிருத்துநருக்கு அதிகாரம் கிடையாது.

பஞ்சு என் அக்கா புருஷன். இதை எழுதும்போது அடுத்த தெருவில்தான் இருக்கிறார். சர்க்கரை கொஞ்சம் உண்டு, முழங்கால் வலி உண்டு, காது மட்டும் பாம்புக் காது. அது கொஞ்சம் மந்தமாகியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

மாநகராட்சிப் பராமரிப்புப் பட்டறையில் அவருக்குக் கண்ணாடி வேலை. நூலக ஜன்னல், ஆஸ்பத்திரி கவுண்டர், பஸ் நிறுத்தத்து நிழற்குடை, எங்கே கண்ணாடி போனாலும் மாமாதான் போவார். சேர்ந்த புதிதில் ஒருநாள், ஆளுயரக் கண்ணாடி ஒன்றைத் தனியாகத் தூக்கிவந்து சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த மேஸ்திரி, "கண்ணாடி எங்கய்யா, இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கத்த, "வெச்சுட்டேனே" என்றாராம். மேஸ்திரி திரும்பிப் பார்த்துவிட்டு, "கையா அது, பஞ்சா?" என்றார். அன்றோடு அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுவிட்டது. பட்டறையில், தெருவில், எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் அவர் பஞ்சு.

அக்கா இதற்கு நேர்மாறு. அவள் பாத்திரம் கழுவினால் என்ன சண்டை என்று பக்கத்து வீட்டில் எட்டிப் பார்ப்பார்கள். மாமா கதவைச் சாத்தினால் சாத்தினாரா இல்லையா என்று எழுந்துபோய்ப் பார்க்க வேண்டும். "இந்த மனுஷன் வர்றதும் தெரியல, போறதும் தெரியல. ஒரு திருடனைக் கட்டியிருந்தாக்கூட அப்பப்ப ஏதாவது சத்தம் கேட்டிருக்கும்" என்பாள் அக்கா. மாமா சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கும் சத்தம் இருக்காது.

அவருக்கு ஒரே மகள், மாடியிலேயே குடியிருக்கிறாள். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்து, அது பேச ஆரம்பித்தபோது எல்லோருமாகச் சேர்ந்து பஞ்சுத் தாத்தா என்று சொல்லிக்கொடுத்தோம். அந்த வாய்க்கு ஞ் வரவில்லை. "பச்சுத் தாத்தா" என்றது. மாமா உருகிப்போனார். வேலைக்குக் கிளம்பும்போது வாசல்வரை போய்விட்டு, எதையோ மறந்ததுபோல் திரும்பி வருவார். அது இன்னொருமுறை கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். "பேரைக் கேக்க ரெண்டு தடவை வழியனுப்பணுமா?" என்று அக்கா விரட்டுவாள்.

அவருடைய வேலையில் ஒரு விஷயத்தை மட்டும் இங்கே சொல்லியாக வேண்டும். நிழற்குடையில் போடுவது வீட்டு ஜன்னல் கண்ணாடி இல்லை. காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கியது. நடுவில் ஓங்கிக் குத்தினாலும் தாங்கும். ஆனால் ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்துவிட்டால் அதை நம்ப முடியாது. இன்றைக்கோ அடுத்த மாதமோ, யாராவது சாய்ந்திருக்கும்போது முழுக் கண்ணாடியும் ஒரே நொடியில் உதிர்ந்துவிடும். வெட்டி ஒட்டவும் வழியில்லை, கழற்றப் போனால் கழற்றுகிறவன் மேலேயே கொட்டும். அதனால் கண்ணாடிக்காரர்களே அதை உடைத்துவிடுவார்கள். ஆட்களை விலக்கி, மேலே கித்தானைப் போர்த்தி, கீழ் மூலையில் கூர்முனைச் சுத்தியலால் ஒரு தட்டு. கற்கண்டைக் கொட்டியதுபோல் கித்தானுக்குள்ளேயே விழுந்துவிடும். "அதுவா உடைஞ்சா விபத்து மாப்ள, நான் உடைச்சா வேலை" என்பார் மாமா.

அந்தச் சமயத்தில் ஊரில் நிஜமாகவே ஒரு கும்பல் திரிந்துகொண்டிருந்தது. நிறுத்தங்களில் கண்ணாடியை உடைப்பது, தெருவிளக்கில் கல்லெறிவது, குழந்தைகள் ஊஞ்சலின் சங்கிலியை அறுப்பது என்று மாதக்கணக்கில் அட்டகாசம். ஒருத்தனும் பிடிபடவில்லை. ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. மாமாவுக்கு மூச்சுவிட நேரமில்லாத வேலை.

ஒருநாள் காலையில் பட்டறை வேன் அவரை ஆஸ்பத்திரி வாசல் நிறுத்தத்தில் இறக்கிவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் புதுக் கண்ணாடிகளை இறக்கப் போனது. டிரைவர் மாமாவின் பழைய கூட்டாளி. வண்டியோடு கித்தானும் போய்விட்டதை இருவருமே கவனிக்கவில்லை. நிழற்குடைக் கண்ணாடியின் மூலையில் கல் பட்டுச் சில்லு பெயர்ந்திருந்தது. கையில் கட்டுப் போட்ட குழந்தையோடு ஒரு பெண் அதில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். மாமா அவளையும் மற்றவர்களையும் தள்ளி நிற்கச் சொன்னார். கித்தான் வரட்டும் என்று காத்திருக்கத்தான் நினைத்தார். ஆனால் ஒவ்வொரு பஸ் பிரேக் போடும்போதும் கண்ணாடி 'டிக்' என்றது. அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். விலகிப் போனவர்களோ, பஸ் வந்தால் திரும்பவும் அதன் பக்கத்திலேயே முண்டியடிப்பார்கள்.

மாநகராட்சி முத்திரை போட்ட ஆரஞ்சு மேல்சட்டையைக் கழற்றினார். கித்தானுக்குப் பதிலாக அதைக் கண்ணாடியின் மேல் போர்த்தினார். மூலையில் ஒரு தட்டு. சட்டையும் கண்ணாடியும் சேர்ந்து கீழே விழுந்தன. ஒருவர் மேலும் ஒரு கீறல்கூட இல்லை. ஓரத்தில் தொங்கிய துண்டுகளையும் அவர் தட்டிக்கொண்டிருந்தபோது டிரைவர் கித்தானோடு ஓடிவந்தார். வெறும் சட்டையோடு கண்ணாடிக் குவியலில் நிற்கிற நண்பரைப் பார்த்துப் பதறிப்போய், "பஞ்சு! போதும் பஞ்சு, வந்துரு!" என்று கத்தினார்.

எதிர்ச்சாரியில் இருந்து யாரோ ஒருத்தன் போனில் வீடியோ எடுத்துவிட்டான். ஆட்களை விலக்கியது அதில் இல்லை, சட்டையைப் போர்த்தியது இல்லை. வெளுத்த சட்டை போட்ட ஒருத்தன் சுத்தியலை ஓங்குகிறான், கண்ணாடி கொட்டுகிறது, கூட்டாளி ஒருத்தன் தூரத்திலிருந்து "பஞ்சு! போதும் பஞ்சு, வந்துரு!" என்று கூப்பிடுகிறான். மேல்சட்டை மட்டும் அவர் உடம்பில் இருந்திருந்தால் பார்க்கிறவர்களுக்கு அவர் மாநகராட்சி ஊழியர். பிறர் மேல் சில்லு தெறிக்கக்கூடாது என்று கழற்றியதால் ரௌடி. மதியத்துக்குள் ஊரில் ஒரு போன் பாக்கியில்லை.

படத்தில் முகம் சரியாகத் தெரியவில்லை. கடவுள் காப்பாற்றினார் என்று நாங்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டோம். அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று பிறகுதான் புரிந்தது. முகம் தெரிந்திருந்தால் ஊர் ஒரு ஆளைத் திட்டித் தீர்த்துவிட்டு, உண்மை தெரிந்ததும் வாயை மூடியிருக்கும். முகம் தெரியாததால் பெயர் மட்டும் தனியாகக் கழன்று தெருவில் திரிய ஆரம்பித்தது.

பட்டறையில் விசாரணை வைத்தார்கள். அதிகாரி நல்ல மனிதர். மேல்சட்டை எங்கே என்று கேட்டார், கண்ணாடித் தூளோடு அதை எடுத்துக் காட்டினார்கள், விஷயம் முடிந்தது. ஊழியர் தன் கடமையைத்தான் செய்தார் என்று மாநகராட்சி விளக்கமும் கொடுத்தது. விளக்கத்தை யார் யாருக்கு அனுப்புவார்கள்? விளக்கத்தில் எதுவும் உடைவதில்லையே. வேலை போகவில்லை, பதவி குறையவில்லை, யாரும் வீட்டு வாசலில் வந்து கத்தவில்லை. யாரிடம் போய் எதை முறையிடுவது என்றே எங்களுக்குத் தெரியவில்லை.

அடுத்து வந்தது எங்கள் பத்திரிகை. இப்படிப்பட்ட செய்திகளுக்கு நாங்கள் காலம் காலமாக 'விஷமிகள்' என்போம், 'சமூக விரோதிகள்' என்போம். சமூக விரோதிகள் ஒற்றைப் பத்தித் தலைப்பில் அடங்க மாட்டார்கள். இரண்டு வரியாக உடைக்க வேண்டும். ஒரு மாலை 'பூங்காவில் பஞ்சு கும்பல் அட்டகாசம்' என்று தலைப்பு போட்டு என் மேஜைக்கு வந்தது. நான் அடித்துவிட்டு 'விஷமிகள்' என்று எழுதினேன். திரும்பவும் பஞ்சாகவே வந்தது. உதவி ஆசிரியரிடம் போனேன்.

"மூணே எழுத்து சார்," என்றான் அவன், புதையலைக் கண்டெடுத்தவன் மாதிரி. "படிச்ச உடனே எல்லாருக்கும் புரியுது. இதைவிட என்ன வேணும்?"

"தம்பி, அது ஒரு மனுஷனோட பேரு. எங்க அக்கா வீட்டுக்காரர். அவர் எதையும் பண்ணல."

அவனுக்கு நிஜமாகவே சங்கடமாகிவிட்டது. ஆசிரியரிடம் கூட்டிப் போனான். ஆசிரியர் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லாவற்றையும் கேட்டார். வருத்தப்பட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நான் நிறுத்தச் சொன்னா நம்ம பேப்பர்ல நிக்கும். டீக்கடையில நிக்குமா? ரேடியோவுல நிக்குமா? இப்ப அது உங்க மாமா இல்ல சார். அது ஒரு வார்த்தை."

கொஞ்ச நாள் நிறுத்தியும் பார்த்தார், பாவம். மற்ற பத்திரிகைகள் எழுதின. வாசகர்களே கடிதத்தில் எழுதினார்கள். எங்கள் பத்திரிகை மட்டும் என்ன செய்யும்?

எரிச்சலில், பிழைதிருத்தும் அறையின் மூலையில் கிடந்த பழைய கலைக்களஞ்சியத்தை எடுத்துப் புரட்டினேன். உலகம் முழுக்க இப்படிப்பட்ட ஆட்களை வாண்டல் என்கிறார்களே, அவன் யார் என்று பார்த்தேன். அவன் ஒரு ஆள் இல்லை, ஒரு ஜனக்கூட்டம். வண்டியும் குதிரையும் குழந்தை குட்டிகளுமாக இடம்விட்டு இடம் போன ஒரு இனம். ரோமாபுரிக்குள் புகுந்து இரண்டு வாரம் கையில் கிடைத்ததை அள்ளிக்கொண்டு போனார்கள். கொள்ளைதான், அவர்கள் ஒன்றும் புனிதர்கள் இல்லை. ஆனால் ஊரைக் கொளுத்த வேண்டாம், ஆட்களை வெட்ட வேண்டாம் என்று அங்கிருந்த மதகுரு கெஞ்சியதற்குச் சம்மதித்தார்கள் என்று ஒரு குறிப்பு சொல்கிறது. அதே நகரத்தை அவர்களுக்கு முன்னாலும் பின்னாலும் வேறு ஆட்கள் சூறையாடினார்கள். அவர்கள் பெயரெல்லாம் தப்பித்துவிட்டது. ஆயிரத்து முந்நூறு வருஷம் கழித்து, வேறொரு தேசத்துப் புரட்சியில் சிலைகளை உடைத்தவர்களைக் கண்டிக்க ஒரு பாதிரியாருக்கு வார்த்தை தேவைப்பட்டது. அங்கங்கே வசவாகக் கிடந்த இந்தப் பெயரை எடுத்து நாசவேலைக்கே பெயராக்கினார். அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

மாமாவுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து, ஞாயிற்றுக்கிழமை இதைப் போய்ச் சொன்னேன். ஒருத்தருக்கு வந்ததற்கே இப்படி என்றால் ஒரு இனத்துக்கே வந்திருக்கிறதே என்பது என் எண்ணம். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது என்று அக்கா ஏற்கெனவே பலமுறை சொல்லியிருக்கிறாள். மாமா முழுக்கக் கேட்டார். டம்ளரை மேஜையில் சத்தமில்லாமல் வைத்தார்.

"அவங்க பேரப்புள்ளைங்க யாராவது இப்ப இருக்காங்களா மாப்ள?"

"இல்ல மாமா. அந்த மாதிரி ஒரு ஜனமே இப்ப கிடையாது. கலந்து கரைஞ்சு போயிட்டாங்க."

"அப்ப அவங்களுக்குத் தேவலை," என்றார்.

இன்னொரு நாள் வேலையிலிருந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துகொண்டு தானாகவே ஒன்று சொன்னார். ஒரு நிறுத்தத்தில் அந்தக் கும்பல் உடைத்துப் போட்ட கண்ணாடியைக் கூட்டிக்கொண்டிருந்தாராம். பஸ்ஸுக்கு நின்ற ஒரு அம்மா இரக்கப்பட்டுத் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டியிருக்கிறாள். "இந்த வயசுல குனிஞ்சு குனிஞ்சு கூட்டறீங்களே அண்ணே. இந்தப் பஞ்சுங்க கையை ஒடிக்கணும்" என்றிருக்கிறாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள் அக்கா.

"என்ன சொல்றது? ஆமாம்மான்னேன். தண்ணி குடிச்சேன்."

அக்கா சமையலறைக்குள் போனாள். அன்றைக்கு உள்ளேயிருந்து ஒரு பாத்திரச் சத்தமும் வரவில்லை. நான் எழுந்துபோய்ப் பார்க்கவில்லை.

பட்டறைக்காரர்கள் தங்கமானவர்கள். அந்தத் தங்கத்தனமே இவருக்கு வினையாயிற்று. அவர் மனசு புண்படக்கூடாது என்று தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு, அவரை அந்தப் பெயரால் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். மேஸ்திரி முதல் ஆளாக "பெரியவரே" என்றார். டிரைவர் "அண்ணே" என்றார், அவர் மாமாவைவிட மூத்தவர். தெருவிலும் அப்படியே. யாராவது பழக்கதோஷத்தில் "பஞ்..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். நானும் அவரைப் பற்றிப் பேசும்போது 'பஞ்சு மாமா' என்பதை விட்டுவிட்டேன். மகள் ஒருநாள் தன் குழந்தைக்கு, "இனிமே வெறும் தாத்தான்னு சொல்லும்மா" என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து மாமா குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"யாரு உன்னை மாத்தச் சொன்னது? ஊரு பூரா எடுத்துக்கிச்சு, எடுத்துக்கட்டும். இவ ஒருத்தியாவது என்னை அப்படிக் கூப்பிடட்டும். இவ வாயில அது என் பேரு."

மகள் பயந்துபோய்த் தலையாட்டினாள். அதன்பிறகு யாரும் குழந்தையைத் திருத்தவில்லை. அது வளர வளர ஞ் வந்தது. பச்சு பஞ்சு ஆயிற்று. காலையில் வாசலில் நின்று "பஞ்சுத் தாத்தா, டாட்டா!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தும். போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். மாமா யாரையும் பார்க்க மாட்டார். இரண்டு தடவை வழியனுப்பு வாங்கிக்கொண்டு போவார். அதில்தான் அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

குழந்தையை நர்சரியில் சேர்த்தார்கள். அன்று சாயங்காலம் நான் அங்கே இருந்தேன். மாமா கூடத்தில் ஒரு படச் சட்டத்துக்குக் கண்ணாடி பொருத்திக்கொண்டிருந்தார். பேத்தி பையைக்கூட இறக்காமல் அழுதுகொண்டே வந்து அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். வகுப்பில் ஒரு பூந்தொட்டியைத் தட்டிவிட்டிருக்கிறாள். அது உடைந்துவிட்டது.

"மிஸ் என்னைப் பஞ்சுன்னு சொல்லிட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க."

மகள் கையிலிருந்த சாவி கீழே விழுந்தது. மாமா கண்ணாடியை ஓரமாக வைத்துவிட்டுக் குழந்தையின் கண்ணைத் துடைத்தார்.

"அதுக்கா அழுவாங்க? அது தாத்தா பேருதானே?"

குழந்தை அழுகையை நிறுத்தி அவரை ஏற இறங்கப் பார்த்தது. இவ்வளவு நாள் கூப்பிட்ட பெயரும் வகுப்பில் கேட்ட வார்த்தையும் ஒன்று என்பது அதற்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது.

"தாத்தா, நீ எதை உடைச்ச?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வேறு பேச்சுக்கு மாற்றியிருக்கலாம். மாமாவுக்கு அதெல்லாம் வராது.

"கண்ணாடி."

"தட்டிவிட்டுட்டியா?"

"இல்லம்மா. வேணும்னேதான் உடைச்சேன்."

"ஏன்?"

"அதுல ஓரம் போயிருந்துச்சு. ஒரு பாப்பா அது மேல சாஞ்சிருந்தா. கை எல்லாம் கட்டு. அவ மேல விழுந்துடக் கூடாதுன்னு, அவளை அந்தாண்ட போகச் சொல்லிட்டு, என் சட்டையைப் போட்டு மூடி உடைச்சேன்."

"பாப்பாவுக்கு அடி பட்டுச்சா?"

"படல."

குழந்தை யோசித்தது. ஊரில் ஒருவர்கூட அவரிடம் கேட்காத கேள்விகளை அது வரிசையாகக் கேட்டது. ஒருவர்கூட நின்று கேட்காத பதிலை முழுசாகக் கேட்டது. கடைசியில் ஒருத்திக்காவது புரிந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன், நான் ஒரு மடையன்.

பேத்தி அவர் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நீ பஞ்சு இல்ல தாத்தா. நீ நல்லவன். இனிமே உன்னை அப்படிக் கூப்பிட மாட்டேன். யாராவது கூப்பிட்டா எங்கிட்ட சொல்லு."

மாமா வாயைத் திறந்தார். மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிழை திருத்துவது என் தொழில். கீழே கிடந்த சாவியை எடுத்து மகளிடம் நீட்டினேன்.

"சரிம்மா," என்றார்.

அடுத்த நாள் காலை மாமா வேலைக்குக் கிளம்பினார். பேத்தி வாசலில் நின்று, "தாத்தா, டாட்டா!" என்று கத்தினாள். அவர் கை காட்டிவிட்டுப் போனார். தெரு முனைவரை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் எதையும் மறந்து திரும்பி வரவில்லை.